புகையிலை வந்த வழி

செட்டிகுளத்து மக்கள் தம் ஊரிலே புகையிரதத்தைக் கண்டது 1914ஆம் ஆண்டிலாகும். மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு இட்ட இருப்புப்பாதை அவ்வூர் வழியே சென்றது. புகையிலையோ அதற்கு நெடுங்காலம் முன்னரே வட இலங்கையை அடைந்துவிட்டது. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அதனைக் கீழைத் தேசங்களுக்குக் கொணர்ந்தோர் போர்த்துக்கேயர். ஒல்லாந்தர் காலத்தில் அது யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிற் பெரும் பயிராகித் திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அங்கே புகையிலை வாணிகம் அரசின் தனியுரிமையாயிருந்து 1863இலேதான் அவ்வுரிமை நீங்கிற்று. சுருட்டாகச் சுற்றப்பட்டது தென்னிலங்கைக் கடைகளுக்குப் போயிற்று. கல்வீடும் சீதனமும் பிள்ளைகளின் படிப்பும் பல குடும்பங்களில் இவ்விலையின் வருவாயால் நடந்தன. ஆதலின் அதனைக் குறைகூறப் பலருக்கும் மனம் வராதது வியப்பன்று.

இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1604இலேயே புகையிலையைக் கண்டித்து நூல் எழுதினார். அவ்வாண்டிலேயே அதன்மீது வரியையும் பன்மடங்காக்கினார் என்பது வேறு கதை! ஆனாற் கண்டனம் வேறு, சான்று வேறு. 1951இல் ரிச்சர்ட் டொல், பிராட்பர்ட் ஹில் என்னும் இருவர் பிரித்தானிய வைத்தியர்களிடமே அவர்தம் புகைப்பழக்கத்தை விசாரித்துக் குறித்துக்கொண்டு, பின்னர் நேர்ந்த மரணங்களைக் கணக்கிட்டு வந்தனர். நுரையீரற் புற்றுநோயைத் தேடிச் சென்றவர்களுக்கு, இருதயக் குழாய் அடைப்பும் புகைப்போரிடையே மிகுதி என்பது 1954ஆம் ஆண்டு அறிக்கையிலேயே தென்பட்டது.

காரணம் இன்று தெளிவு. நிக்கொட்டின் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகின்றது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு இரத்தத்திற் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. குழாய்களின் உட்சுவர் புண்பட்டு, கொழுப்புப் படிந்து, இரத்தம் எளிதில் உறைகின்றது. அக்கட்டி இருதயக் குழாயை அடைத்தால் மாரடைப்பு. மூளைக் குழாயை அடைத்தாற் பாரிசவாதம். வெற்றிலையோடு புகையிலை மெல்லுவோர்க்குப் புகை இல்லையே தவிர, நிக்கொட்டின் உண்டு. மதுவை மிகுதியாக அருந்துவோர்க்கு அழுத்தம் உயர்ந்து மூளைக் குழாய் வெடிக்கும் அபாயமும் சேரும்.

அடைப்பைக் கரைக்கும் மருந்தை நோய் கண்ட நாலரை மணித்தியாலத்துள் ஏற்றவேண்டும். வெடிப்பா அடைப்பா என்று கதிர்ப்படத்தாற் பார்த்த பின்னரே அதனை ஏற்றலாம். வெடிப்பாயின் அம்மருந்தே எமனாகும். செட்டிகுளத்து வயலிற் கை சோர்ந்து வாய் கோணியவரைக் ‘காற்றுப் பட்டது’ என்று வீட்டிற் கிடத்தி எண்ணெய் தேய்த்தால், அந்த நாலரை மணியில் எவ்வளவு மிஞ்சும்?

டொல் தம் ஆராய்ச்சியின் ஐம்பதாண்டுக் கணக்கை 2004இல் வெளியிட்டார். புகைப்போர் ஏறத்தாழ 10 ஆண்டு ஆயுளை இழக்கின்றனர். 30 வயதில் விட்டவர் அப்பத்தையும், 50இல் விட்டவர் 6 ஆண்டையும், 60இல் விட்டவருங்கூட 3 ஆண்டையும் மீட்டனர்.