பெயர் எழுதாத அஞ்சலட்டை

தை மாதத்தில் ஒருநாள் இரவு ஒன்பது மணியளவில் வெளியே வந்து வடக்கு நோக்கி அண்ணாந்து பாருங்கள். இலேசான மஞ்சள் நிறத்துடன் பளிச்சென்று ஒரு விண்மீன் தெரியும். அதுதான் கப்பெல்லா. சூரிய சித்தாந்தம் அதைப் பிரம்மஹிருதயம் என்று குறிப்பிடுகிறது. அது அமைந்துள்ள விண்மீன் குழுவின் பெயர் ஆரிகா. 1892ஆம் ஆண்டு அந்தக் குழுவில் ஒரு நோவா, அதாவது 'புது விண்மீன்', கண்டுபிடிக்கப்பட்ட கதை சற்று விசித்திரமானது.

அவ்வாண்டு பிப்ரவரி முதல் நாள், ஸ்காட்லாந்தின் அரசு வானவியலாராக இருந்த ரால்ப் கோப்லண்டுக்கு எடின்பரோவில் ஓர் அஞ்சலட்டை வந்தது. ஆரிகா குழுவில், பால்வழி செல்லும் இடத்தில், ஐந்தாம் தர ஒளியுள்ள ஒரு புது விண்மீன் இருக்கிறது என்பது செய்தி. (தர எண் குறையக் குறைய ஒளி கூடும், வெறுங்கண்ணுக்கு எல்லை ஏறக்குறைய ஆறாம் தரம்.) எழுதியவர் பெயர் அட்டையில் இல்லை.

பெயரில்லாக் கடிதத்தை நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கோப்லண்டு அதைக் குப்பையில் போடவில்லை. அன்றிரவே தொலைநோக்கியை அங்கே திருப்பினார். விண்மீன் இருந்தது. ஆனால் இருப்பது மட்டும் போதாதே! அது பழைய விண்மீனாகவோ, நகரும் சிறு கோளாகவோ இருக்கலாம் அல்லவா? ஆகவே அதன் ஒளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்துப் பார்த்தார். சாதாரண விண்மீனின் நிறமாலையில் வண்ணப் பட்டையின் குறுக்கே கருங்கோடுகள் காணப்படும். இதிலோ ஹைட்ரஜனுக்குரிய கோடுகள் ஒளிர்ந்தன. வெப்பமுற்ற வாயு பீறிட்டு வெளியேறுகிறது என்பதற்கு அடையாளம் அது. ஐயம் நீங்கியது.

அட்டையை எழுதியவர் அதே எடின்பரோவில் வாழ்ந்த தாமஸ் டேவிட் ஆண்டர்சன். எந்த ஆய்வுக்கூடத்திலும் பணிபுரியாத ஆர்வலர். அவரிடம் இருந்தவை ஒரு விண்மீன் படநூலும், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு சட்டைப்பைத் தொலைநோக்கியுமே. கோப்லண்டு கேட்டுக்கொண்டதால் பின்னர் 'நேச்சர்' இதழுக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஒன்றை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஜனவரி 24 அதிகாலை இரண்டு மணிக்கே அவர் அதைப் பார்த்துவிட்டார்! அந்த வாரத்தில் மேலும் இருமுறையாவது பார்த்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் அதை அருகிலுள்ள 26ஆம் எண் விண்மீன் என்றே எண்ணி, 'இது நாம் நினைத்ததைவிட ஒளி மிகுந்ததாக இருக்கிறதே' என்று வியந்ததோடு விட்டுவிட்டார். ஜனவரி 31 அதிகாலையில்தான் படநூலோடு ஒப்பிட்டு, அது அங்கே இருக்கக்கூடாத ஒன்று என உறுதிசெய்தார். ஒரு வாரம் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொண்டவர் அட்டையில் பெயரெழுதத் தயங்கியதில் வியப்பில்லை என்பது என் ஊகம்.

ஆனால் அவரைவிட அதிகமாக ஏமாந்தவர்கள் உண்டு. செய்தி பரவியதும் ஹார்வர்டு வானாய்வகத்தில் பழைய ஒளிப்படத் தகடுகளைப் புரட்டினார்கள். டிசம்பர் 10ஆம் நாள் தகட்டிலேயே அந்த விண்மீன் பதிந்திருந்தது! காமிரா ஏழு வாரங்களுக்கு முன்பே கண்டதை மனிதர் எவரும் கவனிக்கவில்லை. டிசம்பர் 8இல் ஜெர்மனியின் மாக்ஸ் வோல்ஃப் எடுத்த படத்தில் அது இல்லை. ஆக, அது வெடித்த நாளையே பின்னோக்கிக் கணித்துவிட முடிந்தது.

'புது விண்மீன்' என்ற பெயர் நம்மை ஏமாற்றும். அது புதிதாகப் பிறப்பதில்லை. இரண்டு விண்மீன்கள் நெருங்கிச் சுற்றும்போது, ஒன்றிலிருந்து ஹைட்ரஜன் மற்றதன்மேல், அதாவது வெண்குள்ளன் எனப்படும் அடர்ந்த விண்மீனின்மேல், படிந்துகொண்டே போகும். ஓரளவுக்குமேல் சேர்ந்ததும் அணுக்கரு இணைவு மூண்டு அந்தப் படலம் வெடித்துச் சிதறும். ஆண்டர்சன் காலத்தில் இது யாருக்கும் தெரியாது. இரு வான்பொருள்கள் மோதியதால் விளைந்தது என்று கருதியோரும் உண்டு. அவர் கண்ட விண்மீன் இன்று டி ஆரிகே எனப்படுகிறது. அதன் இரு விண்மீன்களும் ஐந்து மணிக்குச் சற்றுக் குறைந்த நேரத்தில் ஒன்றையொன்று சுற்றி முடிக்கின்றன.

ஆண்டர்சன் அதன்பின் வானத்தை விடவில்லை. 1901 பிப்ரவரி 22 அதிகாலை 2 மணி 40 நிமிடம். உறங்கப்போகுமுன் வானத்தை ஒருமுறை நோக்கியவர் கண்ணில், பெர்சியஸ் குழுவில் ஏறத்தாழ மூன்றாம் தர விண்மீன் ஒன்று பட்டது. இம்முறை ஒரு வாரம் தேவைப்படவில்லை. அந்த இடத்தில் அப்படி ஒரு விண்மீன் கிடையாதென்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. மறுநாள் அது கப்பெல்லாவுக்குப் போட்டியாக ஒளிர்ந்தது.

இங்கிலாந்தில் ஸ்டான்லி வில்லியம்ஸ் என்ற வழக்குரைஞர், அவரும் ஓர் ஆர்வலரே, அதே பகுதியைத் தற்செயலாக ஒளிப்படம் எடுத்திருந்தார். ஆண்டர்சன் கண்டதற்குச் சுமார் 28 மணி நேரம் முன்பு எடுத்த படம் அது. பன்னிரண்டாம் தரம் வரையுள்ள விண்மீன்கள் அதில் பதிந்திருந்தன. நோவா தோன்றிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.