கோயிலொழுகும் விக்கியும்

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து போட்டிருப்பதை எப்படி நூலகம் என்பது என்று கேட்டார் நண்பர். நூலகத்தில் வேலை பார்ப்பவர். ஆடிப்பெருக்குக்கு மறுநாள் முக்கொம்பில், காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடத்தில் உட்கார்ந்திருந்தோம். விக்கி, வலைப்பதிவு என்று பேச்செடுத்தாலே அவருக்கு எரிச்சல். எனக்கு அப்போது பதில் தோன்றவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் கோயிலொழுகு நினைவுக்கு வந்தது.

ஸ்ரீரங்கம் கோயிலின் அந்த வரலாற்றுக் குறிப்புகளுக்கு ஒற்றை ஆசிரியன் கிடையாது. தலைமுறை தலைமுறையாகப் பல கைகள் சேர்த்தும் மாற்றியும் எழுதி வந்த பிரதி அது. ராமானுஜர் செய்த நிர்வாக ஏற்பாடுகள், 1323-ஐ ஒட்டிய படையெடுப்பு, நம்பெருமாள் ஊர் ஊராகப் போய் 1371-ல் திரும்பி வந்தது எல்லாம் அதில் உண்டு. 1961-ல் வி. என். ஹரிராவ் அதை ஆங்கிலத்தில் கொண்டு வந்தார். வரலாற்றாசிரியனுக்கு அதில் ஒரு தீராத் தலைவலி: எந்த வரி எந்த நூற்றாண்டுக் கை என்று பிரதி காட்டிக் கொடுப்பதில்லை. பின்னால் வந்தவன் முன்னவனின் குரலிலேயே பேசிவிடுகிறான். கல்வெட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பிரிக்க வேண்டியிருக்கிறது.

விக்கியும் பல கைகளின் எழுத்துதான். ஆனால் அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் 'வரலாறு' என்று இன்னொரு பக்கம் இருக்கிறது. எந்தப் பெயரில் வந்தவர், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தச் சொல்லை எடுத்துவிட்டு எதைப் போட்டார் என்பதெல்லாம் அங்கே கிடக்கும். பாங்கில் கம்ப்யூட்டர் வருமுன் பேரேடு எழுதியவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. தப்பான தொகையைச் சுரண்டக் கூடாது. கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். அடிபட்ட தொகையும் படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். நண்பர் திறந்த கதவை மட்டும் பார்க்கிறார். எனக்கு முக்கியமாகப் படுவது இந்தச் சுருக்கொப்பம்.

அமெரிக்காவில் நூலகர்களே இந்தச் சாதனங்களை எடுத்துக்கொண்டார்கள். 2005-ல் மைக்கேல் கேசி என்ற நூலகர் தம் வலைப்பதிவில் 'லைப்ரரி 2.0' என்ற பெயரைப் புழக்கத்தில் விட்டார். அதே ஆண்டு மிச்சிகனில் ஆன் ஆர்பர் நூலகம் தன் இணையதளத்தையே வலைப்பதிவு போல மாற்றி, வாசகர்கள் கருத்தெழுத இடம் விட்டது. இதில் பாதி வெறும் மோஸ்தர். பொருட்படுத்த வேண்டியது 2008 ஜனவரியில் நடந்தது. காங்கிரஸ் நூலகம் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பழைய புகைப்படங்களை ஃப்ளிக்கர் தளத்தில் வைத்தது. இந்தத் தெரு இன்ன ஊர், இந்த ஆள் இன்னார் என்று பார்த்தவர்கள் எழுதினார்கள். நூலகர்கள் அவற்றைச் சரிபார்த்துத் தங்கள் அட்டவணையைத் திருத்தினார்கள். வாசகன் சொன்னது அட்டவணைக்குள் போனது. சரிபார்க்கும் வேலை நூலகரிடமே இருந்தது.

தமிழில் பெரும்பாலும் இதன் தலைகீழ்தான். சாதனத்தை முதலில் கையில் எடுத்தவர்கள், எடுத்த காரணத்தாலேயே நூலகர்களாகிவிட்டார்கள். 1998-ல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்த ரசாயன விஞ்ஞானி. 2003-ல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவை ஆரம்ப வருஷங்களில் தோளில் சுமந்த மயூரநாதன் கட்டடக் கலைஞர். இது இன்டர்நெட் கொண்டுவந்த பழக்கமும் அல்ல. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதியவர். அவர் 1992-ல் இறந்த பிறகு சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால் 1994-ல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. ஏன், நூலக இயலுக்கு 1931-ல் ஐந்து விதிகள் வகுத்த எஸ். ஆர். ரங்கநாதனே கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் நூலகரானவர்தானே. அவருடைய ஐந்தாவது விதி நூலகத்தை வளர்ந்துகொண்டே இருக்கும் ஒரு உயிராகப் பார்த்தது. நம் ஸ்தாபனங்கள் அவர் படத்துக்கு மாலை போடுகின்றன.

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் போயின. ஓலைச்சுவடிகளும் போயின. 2005-ல் சில ஈழத் தமிழ் இளைஞர்கள் தன்னார்வமாகத் தொடங்கிய 'நூலகம்' திட்டத்தை அந்த இரவிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடிவதில்லை. விக்கிப்பீடியா ஓடுகிற அதே மீடியாவிக்கி மென்பொருளில்தான் அதன் அட்டவணை இருக்கிறது. ஒரு புத்தகத்துக்கு ஒரு பக்கம். பத்திரிகையானால் ஒரு இதழுக்கு ஒரு பக்கம். 'அலை' இதழ்களை நான் முதலில் படித்தது அங்கேதான். இதழைப் படமெடுத்துப் போடுவதோடு விடாமல், உள்ளே இருக்கும் கதை, கட்டுரை, கவிதைத் தலைப்புகளையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அடித்திருக்கிறார். முந்நூறு பிரதி அச்சடித்து, இருநூறைத் தபாலில் அனுப்பி, மிச்சத்தைக் கட்டிலுக்கடியில் போடுகிற நமக்கு அந்த யாரோ ஒருவர் எவ்வளவு பெரிய ஆள் என்பது தெரியும்.

வலைப்பதிவுகளின் கதி வேறு. 2004-க்குப் பின் சில வருஷங்கள் தமிழில் விமர்சனச் சண்டைகளில் கணிசமான பகுதி அங்கேதான் நடந்தது. இடம் கொடுத்தவன் கடையைக் கட்டினால் எழுத்தும் போயிற்று. ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடியது, கூகுள் பிளஸ் 2019-ல். எழுதியவர்களே சிலதை அழித்துவிட்டார்கள். விக்கியில் இருக்கிற சுருக்கொப்பம் இங்கே கிடையாது. இவற்றைப் பிரதி எடுத்து வைப்பது யார் வேலை? இதைத்தான் அடுத்த வாரம் நண்பரிடம் கேட்டேன். உங்கள் நூலகத்தில் 2004-ம் வருஷத்து வலைப்பதிவு ஒன்று, ஒரே ஒன்று, அச்செடுத்துக் கட்டி வைத்ததாக உண்டா?

அவர் பேச்சை மாற்றினார். 2018 ஆகஸ்ட் 22 இரவு, 1836-ல் கட்டிய மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் விழுந்தனவே, மறுநாள் காலையிலேயே போய்ப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேனே, நீங்கள் பார்க்கவில்லையா என்றார். இப்போது காட்டுங்களேன் என்றேன். போனை எடுத்துக் கொஞ்ச நேரம் தேடினார். அந்தக் கணக்கை எப்போதோ மூடிவிட்டது பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.