குணம் என்று எப்போது எண்ணுவது? படர்தாமரை ஆய்வுகளுக்கு நகமும் முடியும் தரும் பாடம்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவில் இன்று பரவியிருக்கும் படர்தாமரை பழைய மருந்துகளுக்கு எளிதில் அடங்குவதில்லை. அடங்கினாலும் திரும்பி வருகிறது. இதற்கு எந்த மருந்து, எந்த அளவு என்பதிலேயே பெரும்பாலான மருத்துவ ஆய்வுகள் கவனம் செலுத்துகின்றன. அதைவிட அடிப்படையான கேள்வி, ‘குணம்’ என்று எதை, எந்த நாளில் எண்ணுகிறோம் என்பதே என்று இக்கட்டுரை வாதிடுகிறது. நகப் பூஞ்சை ஆய்வும் தலைமுடிப் பூஞ்சை ஆய்வும் காத்திருந்து சோதிக்கும் ஒழுங்கை எப்போதோ கைக்கொண்டுவிட்டன. தோலுக்கான ஆய்வும் அந்த ஒழுங்குக்கு வர வேண்டும். கூடவே குடும்பத்தையும் ஸ்டீராய்டு களிம்பையும் தன் வரம்புக்குள் கொண்டுவர வேண்டும்.

1. சிக்கல்

உடலில் வட்டமாகப் படரும் பூஞ்சைத் தொற்றுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் டெர்பினஃபின் மாத்திரை, நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் என்பது பாடநூல் கணக்கு. இந்தக் கணக்கு இன்று பொருந்துவதில்லை என்பதை எண்களோடு காட்டியது வாரணாசியில் நடந்து, 2020-இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு. அதில் 200 நோயாளிகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு ஃப்ளூகொனசோல், கிரிசியோஃபுல்வின், இட்ராகொனசோல், டெர்பினஃபின் ஆகியவற்றில் ஒன்றைப் பெற்றனர். நான்கு வாரத்தில் எந்தக் குழுவிலும் பத்தில் ஒருவர்கூடக் குணமாகவில்லை. எட்டு வாரத்தில் குணமானோர்: இட்ராகொனசோல் 66 சதவீதம், ஃப்ளூகொனசோல் 42, டெர்பினஃபின் 28, கிரிசியோஃபுல்வின் 14.

இந்த எண்களைப் பார்த்து இட்ராகொனசோலே சிறந்தது என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். எட்டாவது வாரத்தோடு கணக்கை மூடினால் அது சரியே. ஆனால் குணமானவர்களிடம் நோய் திரும்பியதா என்றும் அந்த ஆய்வு பார்த்தது. அதில் குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2022-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் தோல் மருத்துவ இதழில் வெளியான இன்னொரு இந்திய ஆய்வு இட்ராகொனசோலை 100, 200, 400 மில்லிகிராம் என மூன்று அளவுகளில் ஒப்பிட்டது. குணமாக்குவதில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. நோய் திரும்புவதும் மூன்றிலும் கணிசமாக இருந்தது. மருந்தை மாற்றினாலும் அளவைக் கூட்டினாலும் நோய் திரும்பி வருகிறதென்றால், அதற்கான காரணத்தை மாத்திரைக்கு வெளியிலும் தேடியாக வேண்டும்.

2. பூஞ்சை மாறியிருக்கிறது

இந்தியாவில் இப்போது மிகுதியாகக் காணப்படுவது ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஜப்பான் சென்றிருந்த நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளைக் கொண்டு, 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைத் தனி இனமாக விவரித்தனர். பூஞ்சையின் செல்சவ்வுக்கு எர்கோஸ்டிரால் வேண்டும். அதை உருவாக்கும் பாதையில் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதியை டெர்பினஃபின் தடுக்கிறது. இந்த நொதியின் 397-ஆம் இடத்தில் ஃபினைல்அலனினுக்குப் பதில் லியூசின் அமர்ந்துவிட்டால் மருந்து அங்கே சரியாகப் பற்றுவதில்லை. இட்ராகொனசோல் அதே பாதையில் வேறொரு நொதியைத் தடுப்பதால் அதன் வேலை தொடர்கிறது.

ஆனால் எதிர்ப்புத்திறன் ஒன்றே எல்லாவற்றையும் விளக்காது. இட்ராகொனசோல் கேட்டு முழுமையாகத் தெளிந்த தோலிலும் நோய் திரும்புகிறதே! அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: தெளிந்ததாகத் தெரிந்தபோதே பூஞ்சை உள்ளே மிச்சமிருந்தது, அல்லது வெளியிலிருந்து மறுபடி தொற்றியது. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமென்றால் ஆய்வை அதற்கேற்ற வடிவில் அமைக்க வேண்டும்.

3. நகம் கற்றுத்தந்தது

கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. கால்விரல் நகத்தின் வேகம் அதில் பாதிக்கும் குறைவு. கால் பெருவிரலில் பூஞ்சை பிடித்த நகம் முழுதாக வெளியேறிப் புதியது வர ஓராண்டு, சிலருக்கு ஒன்றரை ஆண்டு ஆகும். மருந்து மூன்றாம் மாதத்தில் பூஞ்சையைக் கொன்றிருந்தாலும் நகம் அழுக்கு மஞ்சளாகவே தெரியும். ஆகவே கண்ணால் பார்த்து முடிவுசெய்ய வழியில்லாமல் போயிற்று. நுண்ணோக்கிச் சோதனையும் வளர்ப்புச் சோதனையும் இரண்டுமே எதிர்மறையாக வந்தால்தான் குணம் என்ற அளவுகோல் நிலைபெற்றது.

1999-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ‘லயன்’ ஆய்வு இதற்கு நல்ல சான்று. 12 அல்லது 16 வாரம் மட்டுமே மருந்து கொடுத்துவிட்டு, 72-ஆவது வாரத்தில்தான் முடிவை எண்ணினார்கள். தொடர்ந்து டெர்பினஃபின் உட்கொண்டவர்களில் முறையே 75.7, 80.8 சதவீதத்தினரிடம் பூஞ்சை நீங்கியிருந்தது. விட்டுவிட்டு இட்ராகொனசோல் உட்கொண்டவர்களில் அது 38.3, 49.1 சதவீதமே. அதோடும் நிற்காமல், ஐஸ்லாந்தில் சேர்க்கப்பட்டவர்களை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மறுசிகிச்சை இல்லாமல் பூஞ்சையற்று இருந்தவர்கள் டெர்பினஃபின் குழுவில் 46 சதவீதம், இட்ராகொனசோல் குழுவில் 13.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, காலம் நீள நீள எண் குறைகிறது. எந்த நாளில் எண்ணுகிறோமோ அந்த நாளுக்கே அந்தக் குணம் பொருந்தும். இரண்டாவது, நகத்தில் டெர்பினஃபின் வென்றது, வாரணாசியின் தோலில் இட்ராகொனசோல் வென்றது. பூஞ்சை இனத்தையும் அதன் எதிர்ப்புத்திறனையும் குறிப்பிடாமல் ஓர் ஊரின் சான்றை இன்னோர் ஊருக்குப் பொருத்துவது தவறாகவே முடியும்.

4. முடி கற்றுத்தந்தது

குழந்தைகளின் தலையில் வரும் பூஞ்சை முடித்தண்டுக்குள்ளேயோ அதைச் சுற்றியோ வாழ்கிறது. களிம்பு அங்கே எட்டாது. வாய்வழி மருந்துதான் வேண்டும். செதில் உதிர்ந்து தலை சுத்தமாகத் தோன்றிய குழந்தையும் பூஞ்சையைச் சுமந்து வகுப்பில் மற்றவர்களுக்குத் தரக்கூடும். அதனால் பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டுதல் சிகிச்சையின் இறுதிப்புள்ளி பூஞ்சை நீங்குவதே, கண்ணுக்குத் தெரியும் தெளிவல்ல என்று அறுதியிட்டுக் கூறியது. வீட்டிலுள்ள மற்றவர்களையும் பரிசோதிக்கச் சொல்கிறது. நோயாளி ஒருவரல்ல, ஒரு வீடு என்ற புரிதல் இங்கே முறையாக இடம்பெற்றுவிட்டது.

5. தோல் ஏமாற்றும் விதம்

காத்திருந்து சோதிக்க நகமும் முடியும் ஏற்படுத்திய கட்டாயம் தோலில் இல்லை. மருந்து தொடங்கிய சில நாட்களில் அரிப்பு தணிகிறது, விளிம்பின் சிவப்பு மங்குகிறது. நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுகிறார். ஆய்வாளரும் கண்ணை நம்பி மதிப்பெண் போடுகிறார். நம் மாநிறத் தோலில் இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. பூஞ்சை போன பின்னும் பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கும். அந்தக் கறையைப் பார்த்துப் பயந்து தேவையற்ற மாத்திரையைத் தொடர்பவர்கள் உண்டு. கண் ஒருவரை முன்கூட்டியே விடுவிக்கிறது, இன்னொருவரை வீணாகப் பிடித்துவைக்கிறது.

இதைத் தீர்க்கும் சோதனை மிக எளியது. படையின் ஓரத்தில், நோய் முன்னேறும் விளிம்பில், ஸ்பிரிட்டால் துடைத்து மழுங்கிய கத்தியால் செதிலைச் சுரண்ட வேண்டும். நடுப்பகுதியில் சுரண்டினால் பயனில்லை. அங்கே பூஞ்சை குறைவு. கண்ணாடிச் சில்லில் செதிலை வைத்து 10 முதல் 20 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விட்டு மூடிச் சற்று நேரம் விட்டால் கெரட்டின் கரைகிறது. நுண்ணோக்கியின் ஒளியைக் குறைத்துப் பார்த்தால் தோல் செல்களின் வரம்புகளைக் கடந்து, கிளைத்தும் குறுக்குச் சுவரோடும் ஓடும் பளபளப்பான இழைகள் தெரியும். நுண்ணோக்கி இருக்கும் எந்த மருத்துவமனையிலும் செய்யக்கூடியது இது. இருந்தும் நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவுகளில் இது தவறிப்போகிறது.

தோல் ஏமாற்றுவதற்கு இன்னொரு பெரிய காரணம் ஸ்டீராய்டு. பூஞ்சைமருந்து, பாக்டீரியாமருந்து, கடுமையான ஸ்டீராய்டு ஆகியவற்றை ஒரே குழாயில் அடைத்த க்ரீம்கள் மருந்துக் கடையில் ‘அரிப்புக்கு ஒன்று கொடுங்க’ என்று கேட்டாலே கிடைத்துவந்தன. அவற்றைப் பூசினால் அன்றே அரிப்பு நிற்கும். உள்ளே தோலின் எதிர்ப்பு அடங்கிப் பூஞ்சை தடையின்றிப் பரவும். வட்டத்தின் வடிவமே குலையும். ஸ்டீராய்டால் உருமாறிய இந்தப் படர்தாமரையை 1968-இலேயே பிரிட்டிஷ் மருத்துவர்கள் விவரித்துவிட்டனர். இந்தியாவில் முகத்தோல் நோயோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்து 2011-இல் வெளியான பல்மைய ஆய்வில் 433 பேர், அதாவது 14.8 சதவீதத்தினர், ஸ்டீராய்டு களிம்பு பூசிக்கொண்டிருந்தனர். 2018 மார்ச்சில் ஒன்றிய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தது நல்லதே. கடை முகப்பில் அது நடைமுறையாக வேண்டும்.

மருந்து ஆய்வுகள் ஸ்டீராய்டு பூசியவர்களை விலக்கிவைப்பது வழக்கம். முடிவில் தூய்மை வேண்டி அப்படிச் செய்கிறார்கள். ஆனால் நம் மருத்துவமனைக்கு வருபவர்களில் பெரும்பகுதியை விலக்கிவிட்டு எடுத்த எண், அந்த மருத்துவமனைக்கே உதவாது.

6. வீடு என்ற அலகு

உதிர்ந்த செதில்களில் பூஞ்சை வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஒரே துண்டில் நான்கு பேர் துவட்டிக்கொள்வதும், எல்லோருடைய துணியும் ஒரே வாளியில் ஊறுவதும், ஈரம் காயாத அரைஞாண் கயிறு இடுப்பில் கிடப்பதும் எளிய வீடுகளில் இயல்பு. கணவருக்கு மருந்து கொடுத்து, அதே படையோடு இருக்கும் மனைவியையும் பிள்ளையையும் பார்க்காமல் விட்டால், மறுபடி தொற்றியதை மருந்தின் தோல்வியாகப் பதிவு செய்வோம். நோயாளியை மட்டும் சேர்க்கும் ஆய்வால் இந்தத் தவறைக் கண்டுபிடிக்கவே முடியாது.

7. எழக்கூடிய மறுப்புகள்

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சோதனை சில நேரம் பூஞ்சையைத் தவறவிடும் என்பது உண்மை. சுரண்டுபவரின் கையையும் பார்ப்பவரின் கண்ணையும் அது சார்ந்திருக்கிறது. அதற்குத் தீர்வு பயிற்சியும் மறுசோதனையும், கைவிடுவது தீர்வாகாது. தினக்கூலிக்குப் போகிறவர்களை ஆறு மாதம் திரும்ப வரவழைப்பது கடினம் என்பதும் உண்மை. ஆய்வு நிதியில் மாத்திரைக்கு ஒதுக்குவதைப் போல அவர்களின் பயணத்துக்கும் ஒருநாள் கூலிக்கும் ஒதுக்க வேண்டும். பூஞ்சை நீங்கும்வரை சிகிச்சை நீள்வதால் செலவு கூடும் என்பார்கள். ஆனால் பூஞ்சை இல்லை என்று சோதனையில் தெரிந்தால் கறையைப் பார்த்துத் தொடரும் மாத்திரை நிற்கும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாத, சில கொழுப்புக் குறைப்பு மருந்துகளோடு சேரக் கூடாத இட்ராகொனசோலில் இந்தச் சிக்கனம் பாதுகாப்பும் ஆகும்.

8. முடிவுரை

படர்தாமரைக்கான மருந்து ஆய்வுகள் நான்கு நிபந்தனைகளையேனும் ஏற்க வேண்டும். நுண்ணோக்கியில் பூஞ்சை உறுதியானவர்களையே சேர்ப்பது. கண்ணால் தெளிந்ததும் சோதனையில் பூஞ்சை இல்லாததும் சேர்ந்தாலே குணம் என்பது. மருந்தை நிறுத்தி ஆறு மாதம் கழித்துக் கிடைக்கும் எண்ணை முதன்மை முடிவாக அறிவிப்பது. ஸ்டீராய்டு பூசியவர்களை விலக்காமல் தனிப்பிரிவாகச் சேர்த்து, வீட்டிலுள்ளவர்களையும் பரிசோதித்துச் சிகிச்சை தருவது. கூடவே பூஞ்சையின் இனமும் மருந்தெதிர்ப்பும் பதிவாக வேண்டும்.

இது நம் நாட்டோடு நிற்கும் கவலை இல்லை. 2023-இல் நியூயார்க்கில் இந்தப் பூஞ்சையோடு பதிவான முதல் இரண்டு நோயாளிகளில் ஒருவர் அண்மையில் எந்த வெளிநாட்டுக்கும் போகாதவர். உலகம் இந்தப் பூஞ்சையைப் பற்றிக் கற்க வேண்டியதை இந்தியப் புறநோயாளிப் பிரிவுகளே கற்றுத்தர முடியும். நோயாளிகளும் அனுபவமும் இங்கேதான் மிகுதி. அந்தப் பொறுப்பை ஏற்கும் ஆய்வு, எட்டாவது வாரத்தில் கோப்பை மூடக் கூடாது.