பழங்காசுகளில் இழந்த களிம்பை மீட்டல்

பழைய செப்பு, வெண்கல, வெள்ளிக் காசுகளின் மேல் காலப்போக்கில் தானாகப் படியும் நிறப்படலத்தை ஐரோப்பிய மொழிகளில் பாட்டினா என்பர். செம்பின் மேல் படிவதைத் தமிழில் களிம்பு என்கிறோம். துடைத்தும் தேய்த்தும் இப்படலம் நீக்கப்பட்ட காசுக்கு மீண்டும் பழைய நிறம் வரச் செய்யும் முயற்சியே களிம்பு மீட்டல் ஆகும். காசைத் துப்புரவு செய்வது எந்த அளவுக்குச் சரி, இழந்த நிறத்தைத் திரும்பக் கொடுப்பது எப்போது மோசடியாகிறது என்னும் கேள்விகள் நாணயவியலில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகின்றன.

களிம்பும் தமிழ் வழக்கும்

தமிழில் களிம்பு என்ற சொல் பெரும்பாலும் குறையைச் சுட்டவே வந்துள்ளது. சைவ சித்தாந்த நூல்கள் உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமையாகக் கூறுகின்றன. வீடுகளிலும் செம்புக் குடத்தையும் பித்தளை விளக்கையும் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவதே வழக்கம். இந்தப் பழக்கத்தோடு பழங்காசைக் கையில் எடுப்பவர் அதையும் புளியிட்டுத் தேய்க்க நினைப்பது இயல்பே. ஆனால் பாத்திரத்துக்கு நன்மையான இச்செயல் காசுக்குக் கேடாக முடிகிறது.

படலம் உருவாகும் முறை

செம்பு காற்றில் உள்ள ஆக்சிசனோடு சேர்ந்து முதலில் செந்நிறத் தாமிர ஆக்சைடாகிறது. மண்ணின் ஈரமும் கரியமில வாயுவும் சேரும்போது அதன் மேல் பச்சை நிற மாலக்கைட்டும், சில இடங்களில் நீல நிற அசுரைட்டும் உருவாகின்றன. இவை கெட்டியாகவும் சீராகவும் அமைந்தால் உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும் கவசமாகின்றன. வெள்ளிக் காசு காற்றிலும் காகிதத்திலும் உள்ள கந்தகத்தால் வெள்ளி சல்பைடு ஆகிக் கறுக்கிறது.

உப்பு மிகுந்த மண்ணில் கிடந்த காசின் நிலை வேறு. அதனுள் தங்கும் தாமிர குளோரைடு, ஈரமும் காற்றும் பட்டவுடன் வெளிர்பச்சைத் தூளாகப் பொங்கி உலோகத்தை அரிக்கும். இதனை வெண்கல நோய் என்பர். ஆகவே பச்சையெல்லாம் ஒன்றல்ல. விரல் பட்டாலே உதிரும் வெளிர்பச்சை நோயின் அறிகுறி. பளிங்குபோல் இறுகிய கரும்பச்சை காக்க வேண்டிய படலம்.

மண்ணில் நெடுங்காலம் புதைந்த காசில் எழுத்தும் உருவமும் பெரும்பாலும் இந்தப் படலத்திலேயே தங்கியிருக்கும். மேல்பரப்பு உலோகம் முழுவதும் களிம்பாக மாறிய பின்னும் பழைய வடிவத்தை அக்களிம்பு தாங்கி நிற்கும். அதை அமிலத்தில் கரைத்தால் அழுக்கோடு எழுத்தும் போய்விடும்.

துப்புரவின் வரலாறு

அருங்காட்சியகங்களுக்கென வேதியியல் ஆய்வகம் அமைக்கும் முறை 1888இல் பெர்லின் அரச அருங்காட்சியகங்களில் தொடங்கியது. அதன் பொறுப்பாளரான பிரீட்ரிக் ராட்கன் 1898இல் தொல்பொருள் பாதுகாப்பு பற்றி எழுதிய நூல் 1905இல் ஆங்கிலத்தில் வெளிவந்து பரவலாகப் பயன்பட்டது. அக்காலத்தில் மின்னாற்பகுப்பு முறையும், துத்தநாகத்தோடு எரிசோடா சேர்த்துக் களிம்பை நீக்கும் முறையும் கையாளப்பட்டன. இவை குளோரைடை வெளியேற்றி நோயை நிறுத்தின. ஆயினும் களிம்பு முழுவதும் நீங்கியதால் பல பொருள்கள் குழிவிழுந்த வெற்றுச் செம்பாக வெளிவந்தன.

தமிழகத்தில் 1930களில் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் ஆய்வகத்தில் எஸ். பரமசிவன் வெண்கலப் பொருள்களுக்கு மின்னாற்பகுப்புச் சிகிச்சை அளித்தார். நோயால் அழியும் நிலையில் இருந்த பொருளைக் காப்பதே அன்றைய தேவை.

1967இல் மாட்சன் என்ற டென்மார்க்கு நாட்டு வல்லுநர் பென்சோடிரையசோல் என்னும் வேதிப்பொருளைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். இது செம்பின் மேல் மெல்லிய காப்பாகப் பிணைந்து அரிப்பைத் தடுக்கிறது. களிம்பை உரிக்காமலே நோயைக் கட்டுப்படுத்த வழி கிடைத்ததால் முழுத் துப்புரவு செய்யும் வழக்கம் குறையத் தொடங்கியது.

நிறம் ஏற்றும் முறைகள்

துடைத்த வெள்ளிக் காசைப் பழைய காகித உறையிலோ மரப்பேழையிலோ நெடுநாள் வைத்திருப்பது எளிய முறை. அவற்றிலிருந்து வரும் சிறிதளவு கந்தகம் மாதக்கணக்கில் மெல்ல நிறம் தரும். அவித்த முட்டையின் மஞ்சள் கருவோடு மூடிய பெட்டியில் வைத்தால் அதிலிருந்து எழும் ஐதரசன் சல்பைடு விரைவில் காசைக் கறுக்கச் செய்யும். படலம் தடிக்கத் தடிக்க நிறம் பொன், பழுப்பு, நீலம், கறுப்பு என மாறும்.

செப்புக் காசுக்குக் கந்தகத் தூளை வாசலினில் குழைத்துப் பூசித் துடைப்பர். பொட்டாசியம் சல்பைடு கரைசலில் சில நொடி தோய்த்து நீரில் அலசுவதும் உண்டு. எம்முறையாயினும் காசில் எண்ணெய்ப்பசை இருந்தால் நிறம் திட்டுத்திட்டாகப் படியும். குளோரைடு எஞ்சியிருக்கும் காசின் மேல் நிறம் ஏற்றினால் நோய் உள்ளே தொடர்ந்து அரிக்கும். வெளியே தெரியாததால் கேடு மிகும்.

இவ்வாறு வருவது நிறம் மட்டுமே. தேய்ந்துபோன எழுத்து திரும்பாது. துணியும் தூரிகையும் ஏற்படுத்திய நுண்கீறல்களும் மறையா. பழைய களிம்பு பல அடுக்குகளாக அமைந்த ஆக்சைடும் கார்பனேட்டும். புதியதோ ஒரே மெல்லிய சல்பைடுப் படலம். நுண்ணோக்கியிலும் ஊடுகதிர் ஆய்விலும் இவ்வேறுபாடு தெரிந்துவிடும்.

போலிகளும் ஐயங்களும்

பழமையைச் செயற்கையாகத் தரும் கலை போலிக்காசு செய்வோருக்கும் பயன்பட்டது. செருமனியின் கார்ல் வில்கெல்ம் பெக்கர் (1772–1830) கிரேக்க, உரோமைக் காசுகளுக்குத் தானே அச்சு வெட்டிப் போலிகள் செய்தார். புதுமை தெரியாதிருக்க அவற்றை இரும்புத் தூள் நிறைந்த பெட்டியில் இட்டு, அதைத் தம் வண்டியில் பொருத்தி ஊர் சுற்றினார் என்பர். குலுங்கிய குலுக்கலில் காசுகள் கைபட்டுத் தேய்ந்தவைபோல் ஆயின. இத்தகையோரால் நிறம் ஏற்றிய உண்மைக் காசும் ஐயத்துக்கு உள்ளாகிறது. 1980களில் அமெரிக்காவில் தோன்றிய நாணயத் தரச்சான்று நிறுவனங்கள் துடைக்கப்பட்டவை, நிறம் ஐயத்துக்குரியவை என்று கண்ட காசுகளைத் தனியே குறிக்கின்றன. அவற்றின் சந்தை விலையும் குறைகிறது.

தமிழ்க் காசுகளில் இதன் முக்கியத்துவம்

கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்பொறை ஆகிய பெயர் பொறித்த காசுகளும், பாண்டியரின் பெருவழுதிக் காசும் சங்க கால வரலாற்றுக்கு நேர்ச்சான்றுகள். பெருவழுதிக் காசை அடையாளம் கண்டு வெளியிட்டவர் நாணயவியலறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி. சிறிய செப்புக் காசில் உள்ள தமிழ்ப் பிராமி எழுத்துகளின் கோடு மிக மெல்லியது. ஒரு முறை புளியில் ஊறவைத்துத் தேய்த்தாலே ஓர் எழுத்து மறைந்துவிடலாம். ஓர் எழுத்து மறைந்தால் அரசன் பெயரே படிக்க முடியாமல் போகலாம். அதன் பின் எத்தனை அழகாகக் களிம்பு ஏற்றினாலும் அந்தச் சான்று மீளாது.

இன்றைய நடைமுறை

இக்கால வல்லுநர்கள் காசை முதலில் இருபுறமும் படமெடுத்து, எடையும் அளவும் குறித்துக்கொள்கின்றனர். மேலிருக்கும் மண்ணை வாலைவடிநீரில் ஊறவைத்தும், உருப்பெருக்கியின் கீழ் மூங்கில் குச்சி கொண்டும் அகற்றுகின்றனர். நோய் இருந்தால் அதற்கு மட்டும் சிகிச்சை அளிக்கின்றனர். முன்பே துடைக்கப்பட்டுக் கண்ணைப் பறிக்கும் காசுக்கு நிறம் தர நேர்ந்தால், செய்த முறையையும் நாளையும் எழுதிக் காசோடு வைப்பதே நேர்மையான வழக்கம். விற்கும்போது அதை வாங்குபவருக்குச் சொல்லவேண்டும். சொல்லி ஏற்றிய நிறம் பராமரிப்பு; மறைத்து ஏற்றிய நிறம் ஏமாற்று.