நாற்பது ஆடுகளும் ஒரு பையனும்

ருத்ரப்ரயாக் சிறுத்தையின் கதையை நான் முதலில் கேட்டது விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், ஒரு ஆசிரியர் வாயால். மரத்தில் ஏறி உட்கார்ந்து இரவெல்லாம் கண் விழிக்கும் வெள்ளைக்கார வேட்டைக்காரர், அவருக்குப் போக்குக் காட்டும் சிறுத்தை. வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். பல வருஷம் கழித்து ஜிம் கார்பெட்டின் புத்தகத்தை நானே படித்தபோதுதான் ஆசிரியர் சொல்லாமல் விட்ட ஒரு பக்கம் கண்ணில் பட்டது. அந்தப் பக்கத்தில் ஒரு பையன் சாகிறான். அவன் நம்ம ஆள்.

சமூகம் நிலைகுலைந்தால் காட்டு மிருகம் ஊருக்குள் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். யார் படுத்திருக்கும் இடத்துக்கு முதலில் வரும் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

கர்வால் இமயமலைச் சாரலில் இருக்கிறது. கேதார்நாத், பத்ரிநாத் போகிற யாத்திரை வழி அதற்குள்தான் போகிறது. 1918இல் அங்கே மூன்று சங்கடங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. முதல் உலகப் போருக்கு ஆள் பிடித்ததில் மலையின் வாலிபர்கள் பலர் பட்டாளத்துக்குப் போயிருந்தார்கள். அந்த வருஷம் நாடெங்கும் பருவமழை பொய்த்தது. அதோடு இன்ஃபுளுவென்சா வந்தது. கார்பெட் தம் புத்தகத்தில் இந்தியா முழுவதும் பத்து லட்சத்துக்கு மேல் செத்ததாக எழுதுகிறார். பின்னால் வந்த ஆய்வாளர்களின் கணக்கு 1.2 கோடியிலிருந்து 1.8 கோடிவரை போகிறது.

மலைக்கிராமங்கள் உயரத்தில் இருக்கும். ஆறு பல மைல் கீழே பள்ளத்தாக்கில் ஓடும். பிணத்தை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் எரிக்க வேண்டும், சாம்பல் கங்கையில் சேர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதற்குத் தோள் கொடுக்க ஆள் வேண்டும், விறகு வேண்டும். நோய் அடித்த நாளில் இரண்டும் இல்லை. செத்தவர் வாயில் ஒரு நெருப்புத் துண்டை வைத்து, மலை விளிம்புக்குத் தூக்கிப் போய்ப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். சிறுத்தை செத்ததையும் தின்னும் மிருகம். இரை குறைந்த காட்டில் அதற்கு மனித மாமிசம் பழகிப்போனது. நோய் அடங்கியது, பிணம் விழுவது நின்றது. அப்புறம் அது உயிரோடு இருக்கும் மனிதரைத் தேடி வந்தது. இது கார்பெட் சொல்லும் காரணம். இதற்கு முன்பு குமாவூன் பகுதியில் 400 பேரைக் கொன்று, 1910இல் அவரால் சுடப்பட்ட பனார் சிறுத்தையும் ஒரு காலரா கொள்ளைநோய்க்குப் பின்பே தலையெடுத்தது என்கிறார்.

இதில் ஒரு இடறல் இருக்கிறது. ருத்ரப்ரயாக் சிறுத்தையின் முதல் பலியாக அவர் தரும் தேதி 1918 ஜூன் 9. இன்ஃபுளுவென்சாவின் கொடூரமான அலை அடித்ததோ அந்த வருஷம் செப்டம்பருக்கு மேல். ஆகவே நோய்தான் அந்தச் சிறுத்தையை உண்டாக்கியது என்று ஒரே அடியாகச் சொல்ல முடியாது. ஏற்கெனவே மனிதரை அடிக்கத் தொடங்கிய மிருகத்துக்கு அந்த இலையுதிர்காலம் தீனி போட்டு வளர்த்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். கடைசிப் பலி 1926 ஏப்ரல் 14. அரசாங்கக் கணக்கில் எட்டு வருஷத்தில் 125 பேர்.

கொள்ளைநோய் ஏழை பணக்காரன் பார்க்காது, சாதி பார்க்காது என்பார்கள். சுத்தப் பொய். அதே 1918இல் பம்பாய் நகரத்தில் இன்ஃபுளுவென்சா சாவைச் சாதிவாரியாக எண்ணினார்கள். ஆயிரம் பேருக்கு ஐரோப்பியரில் 8.3 பேர் செத்தார்கள். சாதி இந்துக்களில் 18.9. ‘தாழ்ந்த சாதி’ என்று அரசு எழுதிவைத்த நம் சனங்களில் 61.6. கிருமி சாதி பார்க்கவில்லைதான். ஆனால் இருட்டறையும் நெரிசலும் அரைவயிறும் யாருக்கு என்று சாதி முன்கூட்டியே பார்த்துவைத்திருந்தது. சிறுத்தை விஷயத்திலும் இதைத்தான் பார்க்கிறேன்.

இனி அந்தப் பையன். வயது பதினாலு. தாய் தகப்பன் இல்லை. தீண்டாத சாதி என்று கார்பெட்டே குறிப்பிடுகிறார். நாற்பது ஆடுகளை மேய்ப்பது அவன் வேலை. சாயங்காலம் ஆடுகளை ஓட்டி வந்ததும் சோறு போடுவார்கள். பிறகு ஆடுகளோடு சேர்த்து அவனையும் கீழ்த்தளத்து அறையில் அடைத்துவிடுவார்கள். ஜன்னல் கிடையாது, ஒரே கதவு. எஜமான் வெளியிலிருந்து சங்கிலியை மாட்டி, அது கழன்றுவிடாமல் ஒரு மரத்துண்டைச் செருகுவான். உள்ளேயிருந்து பையன் தன் பங்குக்கு ஒரு கல்லை உருட்டிக் கதவுக்கு அண்டக் கொடுப்பான். தூக்கத்தில் ஆடுகள் மிதிக்காமலிருக்க ஒரு மூலையில் தடுப்புக் கட்டி அதற்குள் படுப்பான். எஜமான் படுப்பது அதற்கு நேர் மேலே, மாடியில். நடுவில் பலகைதான்.

ஒரு ராத்திரி சிறுத்தை கதவைப் பிராண்டியது. மரத்துண்டு விழுந்துவிட்டது. கல்லைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த சிறுத்தை, நாற்பது ஆடுகளைத் தாண்டி மூலைக்குப் போய்ப் பையனைக் கொன்று, மலைச்சரிவில் இறக்கிப் பள்ளத்துக்குக் கொண்டுபோனது. பொழுது விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் எஜமான் மிச்சத்தைக் கண்டான். ஆடுகள் இருட்டில் ஓடித் தப்பியிருந்தன. ஒரு ஆட்டின்மேல்கூட ஒரு கீறல் இல்லை.

அந்தப் பையன் கத்தினானா? தூக்கத்திலேயே போய்விட்டான், கேட்காத காதுகளை நோக்கிக் கூப்பிடவில்லை என்று வைத்துக்கொள்வதே நல்லது என்கிற பொருளில் கார்பெட் எழுதுகிறார். மேலே படுத்திருந்தவனின் காதைப் பற்றி அந்த வேட்டைக்காரருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. அதற்கு மேல் அவர் போகவில்லை. நாம் போகவேண்டும்.

கர்வால் மலைவீடுகள் கல்லால் கட்டிய இரட்டை மாடி வீடுகள். கீழே மாடு கன்று, மேலே மனிதர். இந்தக் கல்வீடுகளைக் கட்டியவர்கள் யார்? ‘ஓட்’ எனப்படும் கொத்தர்கள். அவர்களும் கொல்லர், செம்புத்தட்டார், மேளக்காரரும் சேர்ந்து ஒரே இழிபெயரில் ‘டோம்’ என்று ஒதுக்கப்பட்டார்கள். ‘ஷில்ப்கார்’ என்று தங்களை அழைக்கச் சொல்லி அவர்கள் போராடியதையும், ஹரிபிரசாத் டம்டா அதற்கு முன்னின்றதையும், 1931 கணக்கெடுப்பில் அந்தப் பெயர் ஏறியதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை பல்லக்கில் போகக்கூடாது என்ற தடையை எதிர்த்து ஜயானந்த் பாரதி கிளர்ச்சி நடத்தியதும் இதே கர்வாலில்தான். மாடியைக் கட்டினவன் மாடியில் படுக்க முடியாது. மிருகங்கள் இருக்கும் தளத்தில்தான் அவன் சாதிப் பையனுக்கு இடம்.

மிருகம் வந்தால் எதிர்க்கத் துப்பாக்கி வேண்டும். 1878 ஆயுதச் சட்டத்துக்குப் பிறகு அதற்கு உரிமம் வேண்டும். நிலம் உள்ளவனுக்கு, சர்க்கார் நம்புகிறவனுக்கு அது கிடைக்கும். ஆடு மேய்க்கிற அநாதைக்குக் கிடைத்தது ஒரு கல். சிறுத்தையின் தலைக்கு அரசாங்கம் பத்தாயிரம் ரூபாயும் இரண்டு கிராமங்களும் தருவதாகச் சொன்னது. அந்தக் கதவுக்கு ஒரு நல்ல தாழ்ப்பாள் போட எவ்வளவு ஆகியிருக்கும்?

இதைப் படித்தபோது என் தாத்தா நினைவு வந்தது. ஆண்டை வீட்டு ஆட்டுப் பட்டியில் காவல் கிடந்தவர் அவர். “பட்டிக்கு வெளிய கொட்டாய் கூட கெடையாதுடா. ஆட்டோட ஆடா படுத்துக் கெடப்பேன். நரி வந்துட்டுப் போனா காலையில ஆண்டை வந்து ஆட்டத்தான் எண்ணுவாரு. ‘ஒனக்கு ஒண்ணும் ஆவலியேடா’ன்னு ஒரு நாளு கேட்டதில்ல” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கர்வாலை அவர் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஆனால் அந்த அறையை அவருக்குத் தெரியும்.

எனக்குச் சிறுத்தைமேல் கோபமில்லை. 1972இல் பம்பாயில் நம் தோழர்கள் தங்கள் இயக்கத்துக்கே அதன் பெயரை வைத்தார்கள். பசித்த மிருகம் தன் வேலையைச் செய்தது. கதவை வெளியே பூட்டியது மிருகம் அல்ல.

பழைய கதை என்று இதைத் தள்ள முடியாது. 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், பீகார் பக்சர் மாவட்டத்துச் சௌசாவில் கங்கையிலிருந்து 71 பிணங்களை எடுத்தார்கள். உத்தரப்பிரதேசத்து உன்னாவில் ஆற்று மணலில் ஆழமில்லாமல் புதைத்தவை வெளியே தெரிந்தன. தெருநாய்கள் பிணங்களை இழுத்த செய்தி வந்தது. அன்றைக்கும் விறகு இல்லை, விலை ஏறிக் கிடந்தது. கர்வாலில் பள்ளத்தில் தள்ளினார்கள், இங்கே மணலில் மூடினார்கள். நாய் அடிக்கடி பேசப்பட்டது. விறகு வாங்க முடியாதவன் யார் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

1926 மே 2 ராத்திரி, குலாப்ராய் என்ற இடத்தில் கார்பெட் அந்தச் சிறுத்தையைச் சுட்டார். பல் தேய்ந்த கிழட்டு ஆண் சிறுத்தை. சுட்ட இடத்தில் இன்று நினைவுச்சின்னம் இருக்கிறது. அவர் பெயரில் ஒரு தேசியப் பூங்காவே இருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை, உயிரைப் பணயம் வைத்துச் செய்த காரியம்தான்.

ஆனால் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆடுகள் எத்தனை என்று இருக்கிறது. கதவுச் சங்கிலி, மரத்துண்டு, கல் எல்லாம் இருக்கிறது. பையன் பெயர் மட்டும் இல்லை. எஜமானிடம் கேட்டிருந்தால் அவனுக்காவது தெரிந்திருக்குமா என்று என் தாத்தாதான் சொல்லவேண்டும்.