தாளக் கட்டத்துக்கு வெளியே: நிரலிசையில் காலச் சலனத்தின் வரலாறும் தவிலின் இடமும்

திருகோணமலையில் பிரட்றிக் கோட்டைக்குள், சுவாமிமலை உச்சியில் நிற்கும் திருக்கோணேச்சரத்தின் மீது திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் புறநீர்மைப் பண்ணில் அமைந்தது. ஓதுவார் அதைச் சுத்தாங்கமாகப் பாடினால் தாளம் இல்லை. பண்ணாங்கமாகப் பாடினால் தாளம் உண்டு. இதே ஊருக்கு அருணகிரிநாதரின் திருப்புகழும் உண்டு. அதில் சந்தமே தாளத்தைக் கையோடு கொண்டுவருகிறது. இவற்றையும் இவற்றைத் தொடர்ந்து வரும் நாதசுர, தவில் வாசிப்பையும் கணினியில் நிரலிசையாக, அதாவது இயந்திரம் வாசிக்கும் நிரலாக, ஏற்ற முயல்பவர் விரைவிலேயே ஒரு சிக்கலைச் சந்திப்பார். சுரம் சரியாக இருக்கும், எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் கேட்டால் உயிர் இருக்காது. அந்த உயிர் எங்கே இருக்கிறது என்ற தேடலுக்கு நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு.

1904இல் ஜெர்மனியில் வெளிவந்த வெல்டே-மிக்னொன் பியானோ, வாசிப்பவரின் விரல் எந்தக் கணத்தில் விழுந்தது என்பதைக் காகிதச் சுருளில் பதிந்து திரும்ப வாசித்தது. 1930களில் அயோவா பல்கலைக்கழகத்தில் கார்ல் சீஷோரும் அவருடைய குழுவும் பியானோச் சுத்தியல்களின் அசைவை ஒளிப்படமாக்கி அளந்தார்கள். தேர்ந்த கலைஞர் எவரும் எழுதியபடி வாசிப்பதில்லை, அந்த விலகலும் மறுமுறை வாசிக்கும்போது ஏறத்தாழ அப்படியே திரும்ப வருகிறது என்று அவர்கள் கண்டார்கள். இந்தத் துறையின் அடித்தளமே இந்த முடிவுதான் என்பேன்.

எதிர்த்திசைப் பயணம் 1980இல் தொடங்கியது. ரொஜர் லின் உருவாக்கிய எல்எம்-1 ட்ரம் மெஷின், வாசிப்பவர் தட்டிய அடியை, காலத்தைச் சமமாகப் பிரிக்கும் கட்டத்தின் அருகிலுள்ள கோட்டுக்கு இழுத்துத் திருத்தியது. அதே கருவியில், ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் அடிகளைச் சற்றுப் பிந்தவைக்கும் ‘ஸ்விங்’ வசதியையும் அவர் சேர்த்தார். திருத்தியவரே விலக்கவும் வழி வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. 1988இல் வந்த எம்பிசி-60 என்ற கருவி ஒரு கால் சுரத்தை 96 கூறுகளாகப் பிரித்தது. நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஒரு கூறு ஐந்து மில்லி செக்கனுக்குச் சற்று மேல்.

பிறகு வந்த மென்பொருள்கள் ‘ஹியூமனைஸ்’ என்ற கட்டளையைத் தந்தன. ஒவ்வொரு சுரத்தையும் தாயம் உருட்டியதுபோல் முன்னும் பின்னும் தள்ளுவது அதன் வேலை. அது ஏன் மனிதத்தனமாக ஒலிப்பதில்லை என்பதற்கு 2011இல் ஹோல்கர் ஹென்னிக்கும் அவருடைய சகாக்களும் விடை தந்தார்கள். மனிதர் தட்டும் தாளத்தில் இப்போதைய விலகல் வெகுநேரம் முன்பு நடந்த விலகலோடு தொடர்புடையது. பிந்திய கை பல அடிகளுக்குப் பிந்தியே போய் மெல்லத் திரும்புகிறது. இந்த நீண்ட நினைவு கொண்ட சலனத்தையும் தொடர்பற்ற சலனத்தையும் கேட்கவைத்தபோது, கேட்டவர்கள் முதலாவதையே விரும்பினார்கள். 2014இல் ஹென்னிக், இருவர் சேர்ந்து தட்டும்போது ஒருவரின் விலகல் மற்றவரின் முந்தைய விலகல்களையும் சார்ந்திருக்கிறது என்று காட்டினார். நாதசுரமும் தவிலும் ஒன்றையொன்று கேட்டு வாசிக்கும் மரபுக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு வேறில்லை.

ஆனால் விலகல் எப்போதும் நன்மையே என்று சொல்லிவிட முடியாது. 2013இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளில், ட்ரம் தாளங்களையும் குறுகிய தாளத் துண்டுகளையும் கேட்டவர்கள் கட்டத்துக்குள் சரியாக அமைந்தவற்றுக்கே கூடுதல் மதிப்பளித்தார்கள். மாலி நாட்டு ஜெம்பே வாசிப்பை அளந்த ரைனர் போலக், அங்கே சமமற்ற பிரிவே நிலையான இலக்கணம் என்று காட்டியது இந்த முரணை ஓரளவு தீர்க்கிறது. எந்த மரபின் அளவுகோலை வைத்து விலகலைக் கணக்கிடுகிறோம் என்பதே முதற்கேள்வி.

தமிழ் இசையில் இந்தக் கேள்வி போதிய அளவு கேட்கப்படவில்லை. 1986இல் இளையராஜா ‘புன்னகை மன்னன்’ படத்தில், நிரலை வாசிக்கும் கருவியான சீக்வென்சரைப் பயன்படுத்தினார். 1992இல் ‘ரோஜா’ படத்தோடு நிரலிசை தமிழ்ச் செவிகளுக்குப் பழகிப்போனது. றோலண்ட் நிறுவனம் 1985இல் வெளியிட்ட ஒக்டபாட் என்ற மின்தாளக் கருவி இலங்கை இசைக்குழுக்களில் ஊன்றிவிட்டது. அதன் ஒலி இயந்திரத்தினுடையது, காலம் குச்சி பிடித்த கையினுடையது. காலத்தைக் கையிடமே விட்டதனால்தான் மேடையில் அது நிலைத்தது என்று கருதுகிறேன்.

தவிலுக்கு வந்தால் சிக்கல் இன்னும் நுட்பமானது. தொப்பியில் விழுவது கழி. வலந்தலையில் விழுவது கூடு அணிந்த விரல். இரண்டும் ஒலித்தெழும் விதம் வேறு. நாதசுரத்தின் ஒலியோ சீவாளியில் மூச்சு ஏறிய பிறகே நிறைகிறது. எனவே மூன்றையும் திரையில் ஒரே கோட்டில் நிறுத்தினால், செவிக்கு நாதசுரம் பிந்தி வரும். ஒலி தொடங்கும் கணமும் செவி அதை உணரும் கணமும் ஒன்றல்ல என்பதை ஒலியியலார் 1980களிலேயே அளந்திருக்கிறார்கள். ஆகவே தவில் நிரலில் முதலில் திருத்த வேண்டியது ஹியூமனைஸ் குமிழை அல்ல, இந்தத் தொடக்கப் புள்ளிகளைத்தான்.

அடுத்த படி அளவீடு. திருக்கோணேச்சரத் திருவிழாவிலோ பத்திரகாளி அம்மன் கோயிலிலோ வாசிக்கும் ஒரு குழுவைத் தவில், நாதசுரம், தாளம் மூன்றுக்கும் தனித்தனி ஒலிவாங்கி வைத்துப் பதிய வேண்டும். கைத்தாளத்தின் அடியை அச்சாகக் கொண்டு மற்ற இரண்டின் விலகலையும் குறிக்க வேண்டும். சதுஸ்ர நடையில் வாசித்த பகுதியையும் திஸ்ரத்துக்கு மாறிய பகுதியையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். நடை மாறும் இடத்தில்தான் கைகள் ஒன்றுக்கொன்று வழிவிடும் என்று எதிர்பார்க்கலாம். அப்படிக் கிடைக்கும் கால வார்ப்பை எந்தச் சீக்வென்சரிலும் ஏற்றலாம்; அதற்கான வசதி இன்றைய மென்பொருள்களில் ஏற்கெனவே இருக்கிறது.