நிரல்மொழிகளில் அரைப்புள்ளி

நிரல்மொழிகளில் அரைப்புள்ளி (;) இருவகையாகப் பயன்படுகிறது. ஒருவகை மொழிகளில் அது இரண்டு கூற்றுகளுக்கு இடையில் நிற்கும் பிரிப்பான். பெயர்களை அடுக்கி எழுதும்போது கடைசிப் பெயருக்குப் பின் காற்புள்ளி இடாததைப் போல, இறுதிக் கூற்றுக்குப் பின் அது தேவையில்லை. மற்றவகையில் முற்றுப்புள்ளியைப் போல ஒவ்வொரு கூற்றையும் முடித்து வைக்கிறது.

பிரிப்பான் முறையை நிலைநாட்டியது அல்கால் 60. பீட்டர் நௌர் தொகுத்து 1960இல் வெளிவந்த அதன் அறிக்கையின்படி, பிகின், என்ட் என்ற சொற்களுக்கு இடைப்பட்ட கூற்றுகள் ஒரு தொகுதியாகும். என்ட் என்பதற்குப் பின் வருவனவெல்லாம், அடுத்த அரைப்புள்ளியோ மற்றொரு என்ட் அல்லது எல்ஸ் என்ற சொல்லோ வரும்வரை, வெறும் குறிப்புரையாகக் கொள்ளப்பட்டன. எந்தத் தொகுதி முடிகிறது என்பதை எழுதிவைக்க இது வசதியாக இருந்தது. ஆனால் என்டுக்குப் பின் அரைப்புள்ளியை மறந்தால் அடுத்த கூற்று முழுவதும் குறிப்புரையாகிவிடும். மொழியின் விதிப்படி அந்நிரல் சரியானதே. விடைதான் தவறாக வரும். நல்ல நோக்கத்துடன் சேர்த்த ஒரு வசதி இவ்வளவு மறைவான பிழைக்கு இடங்கொடுத்தது வியப்புக்குரியது.

நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல், இக்குறிப்புரை வழக்கத்தைக் கைவிட்டது, பிரிப்பானைக் கைவிடவில்லை. அதில் எல்ஸுக்கு முன் அரைப்புள்ளி இட்டால் இஃப் கூற்று அங்கேயே முடிந்து, எல்ஸ் தனித்து நின்று பிழையாகும். என்டுக்கு முன் இட்டாலோ தவறில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வெற்றுக் கூற்று இருப்பதாகக் கொள்ளப்படும். இந்த வெற்றுக் கூற்றுக்கு மறுபக்கமும் உண்டு. தென் என்பதை அடுத்துத் தவறி ஓர் அரைப்புள்ளி விழுந்தால், நிபந்தனை ஒன்றையும் கட்டுப்படுத்தாமல் போகும். கீழே உள்ள கூற்று எப்போதும் இயங்கும்.

டென்னிஸ் ரிட்சி பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய சி மொழி முடிப்பான் முறையைக் கொண்டது. அதில் தனிக் கூற்றுக்குப் பின் எல்ஸ் வருமானால் முன்னே அரைப்புள்ளி கட்டாயம். பாஸ்கல் பயின்று சிக்கு வந்த மாணவர் கற்றதைத் தலைகீழாக்க வேண்டியிருந்தது. சியிலும் விலக்கு உண்டு: அடைப்புக்குறியில் முடியும் தொகுதிக்குப் பின் அரைப்புள்ளி வேண்டாம், எல்ஸுக்கு முன் அங்கே இட்டால் பிழை.

எது மேல் என்ற வாதம் நெடுங்காலம் சுவை சார்ந்ததாகவே இருந்தது. 1975இல் ஜான் கானன், ஜேம்ஸ் ஹார்னிங் இருவரும் மாணவர்கள் எழுதிய நிரல்களை ஆராய்ந்து, பிரிப்பான் முறையிலேயே பிழைகள் மிகுதி எனக் கண்டனர். அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக உருவான ஏடா முடிப்பானையே ஏற்றது. இஃப் கூற்றை என்ட் இஃப் என்றும், சுழற்சியை என்ட் லூப் என்றும் முடிப்பதால், எந்தத் தொகுதி முடிகிறது என்பதைக் குறிப்புரையில் எழுதும் தேவையும் குறைந்தது.

விர்த் பிரிப்பானை விட்டுக்கொடுக்கவில்லை. மாடுலா-2இல் இஃப் போன்ற கூற்றுகளைத் தமக்குரிய என்டால் மூடச்செய்தார். அதனால் எல்ஸுக்கு முன் வரும் அரைப்புள்ளி தீங்கற்றதாயிற்று.